கூப்பிட்டால் வந்துவிடுவாள்

சில ஆண்டுகளுக்கு முன் ஆனி மாதத்து நண்பகல் ஒன்றில், திருவண்ணாமலையிலிருந்து செஞ்சிக்குப் போகும் சாலையை விட்டு விலகி, மல்லாட்டைக் கொல்லைகளின் நடுவே வரப்பு வழியாய் நடந்து, எண்பது வயதைக் கடந்த ஒரு பம்பைக்காரரின் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தேன். கையில் ஒலிப்பதிவுக் கருவி இருந்தது. கேட்க வேண்டிய கேள்விகளை முன்னதாகவே வரிசைப்படுத்தி எழுதிய குறிப்பேடும் இருந்தது. யாரிடம் கற்றார், எந்த வயதில் முதன்முதலாகப் பம்பையைத் தோளில் மாட்டினார், ஓர் ஊரில் எத்தனை இரவு பாடுவார் என்ற கேள்விகளுக்கெல்லாம் அவர் சலிப்பின்றி விடை சொன்னார். பிறகு, நான் வந்த காரியத்திற்கு வந்து, அங்காளம்மன் வர்ணிப்பைப் பாடும்படி கேட்டேன். அவர் வெளியே கொதித்துக் கிடந்த வெயிலைச் சற்று நேரம் பார்த்தார். உத்தரத்தில் தொங்கிய பம்பையையும் ஒரு முறை பார்த்தார்.

“பாடலாம் தம்பி. பாடுனா கூப்புட்ட மாதிரி. கூப்புட்டா அவ வந்துடுவா. வந்தவளுக்குக் குடுக்க இங்க இன்னா கீது?”

அதை அவர் மறுப்பாகச் சொல்லவில்லை. உலை வைக்காத வீட்டிற்கு விருந்தாளியை அழைக்கக் கூடாது என்று குழந்தைக்கு எடுத்துச் சொல்லும் பெரியவரின் பொறுமையே அந்தக் குரலில் இருந்தது. வீட்டில் கற்பூரம் இல்லை, எலுமிச்சம்பழம் இல்லை, பூங்கரகம் சோடித்து வைக்கவில்லை, விரதம் பிடித்தவர் எவரும் இல்லை. இந்த நிலையில் தலை முதல் கால் வரை அவளை வர்ணித்து, மேல்மலையனூரிலிருந்து எழுந்து வரும்படி வருந்தி அழைத்துவிட்டு, அவள் வந்து நிற்கும்போது வெறுங்கையோடு விழிப்பது எப்படி என்பதே அவருடைய கவலை. என்னுடைய குறிப்பேட்டில் அந்தக் கவலைக்கு இடமே இருக்கவில்லை. பாட்டு என்பது ஒரு பொருள், அவரிடம் இருப்பது, என்னிடம் வர வேண்டியது என்று நான் எண்ணியிருந்தேன். அவருக்கோ அது ஒரு செயல். செய்தால் பலன் நிகழ்ந்தே தீரும் செயல்.

வீடு திரும்பிய பின் நெடுநாள் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. ஆகம முறைப்படி பூஜை செய்கிற சிவாசாரியார், ஆவாஹனம் செய்த மாத்திரத்தில் ஆசனமும் பாத்தியமும் அர்க்கியமும் சமர்ப்பிக்கக் கடமைப்பட்டவர். எழுந்தருளச் செய்துவிட்டு உபசாரம் செய்யாமல் விடுவது அபசாரம். ஆகமத்தின் ஒரு சுலோகத்தையும் கேட்டிராத அந்தப் பம்பைக்காரர், ஆகமத்தின் அந்த முதல் நியாயத்தை மூன்றே வாக்கியத்தில் சொல்லிவிட்டார். அழைப்பு ஒன்று உண்டாயின் வழியனுப்புதலும் உண்டல்லவா? கற்பூரம் காட்டி, எலுமிச்சம்பழம் கொடுத்து, வந்த சாமியை அமைதிப்படுத்தி அனுப்புவதை நம் ஜனங்கள் ‘மலையேறுதல்’ என்கிறார்கள். விளக்கு அணைந்தது என்று வாயால் சொல்லக் கூசி, ‘விளக்கு மலையேறிற்று’ என்று சொல்லும் வழக்கமும் அதே உள்ளத்திலிருந்து பிறந்தது. மலையே இறைவனாய் நிற்கும் ஊரில், ஆண்டுதோறும் கார்த்திகையில் அந்த மலையின் உச்சிக்கே விளக்கை ஏற்றிச் செல்லும் ஊரில், இந்தச் சொல்லின் ஆழம் மற்ற இடங்களைக் காட்டிலும் அதிகமாய்ப் புலப்படுகிறது.

ஆகவே கேள்வி இது. தெய்வத்தை அழைப்பதற்காகவே உண்டான ஒரு கதைப்பாடலை, அழைக்கும் நோக்கமின்றி, நண்பகலில், ஒரு கருவியின் முன் பாடச் சொல்லிப் பதிவு செய்துகொண்டால், நாம் பாதுகாத்தது அந்தப் பாடலைத்தானா? சொல் முழுவதும் கிடைத்துவிட்டதே, வேறென்ன வேண்டும் என்று கேட்கும் அறிஞர்கள் உண்டு. அழைக்கும் கூட்டம் குறைந்துவிட்டால் பாட்டும் மலையேறட்டும், அதை ஏட்டில் சிறை வைப்பது பாவம் என்று சொல்லும் பக்தர்களும் உண்டு. இந்த இருவரோடும் எனக்கு உடன்பாடில்லை; ஆயினும் இருவரும் ஓர் உண்மையின் ஒவ்வொரு நுனியைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதை மறுக்க முடியாது.

பக்தர்களின் வாதத்தை முதன்முதல் பலமாகச் சொன்னவள் நம் நாட்டினள் அல்லள். ஸ்காத்லாந்தின் எல்லைப்புறக் கதைப்பாடல்களைத் தொகுத்து 1802-இல் வால்டர் ஸ்காட் வெளியிட்டார். அவருக்குப் பாட்டுச் சொன்ன கிழவிகளுள் ஒருத்தி, கவி ஜேம்ஸ் ஹாகின் தாயாகிய மார்கரெட் லெய்ட்லா. இவை பாடுவதற்கென்று உண்டானவை, படிப்பதற்கென்று அல்ல. நீங்கள் அச்சில் ஏற்றி இவற்றின் மந்திரத்தை முறித்துவிட்டீர்கள். இனி எவரும் பாடப் போவதில்லை என்று அவள் அந்தப் பெரிய மனிதரின் முகத்துக்கு நேரே சொன்னதாக அவள் மகன் எழுதி வைத்திருக்கிறார். ஒரு தொகுப்பாளனும் அந்தக் கிழவியின் வார்த்தையைக் கேட்ட பிறகு முன்போல் நிம்மதியாகத் தூங்க முடியாது.

ஆனால் நம்முடைய மரபில் எழுதுகோலுக்கும் பாட்டுக்கும் இத்தனை பகை இருந்ததில்லை. மாணிக்கவாசகரின் வரலாற்றைப் பாருங்கள். தில்லையில் அவர் இருந்தபோது ஓர் அந்தணர் வந்து, நீர் பல இடங்களில் பாடியவற்றையெல்லாம் சொல்லும், நான் எழுதிக்கொள்கிறேன் என்று கேட்டு, அவர் சொல்லச் சொல்ல ஓலையில் எழுதி முடித்து மறைந்தார் என்றும், எழுதிய ஏடு பஞ்சாட்சரப் படியில் கிடக்கக் கண்டு எடுத்துப் பார்த்தபோது, வாதவூரர் சொல்லச் சிற்றம்பலமுடையான் எழுதியது என்ற பொருளில் ஈற்றில் கையொப்பம் இருந்தது என்றும் நாம் கேட்டிருக்கிறோம். பாடினவரின் வாயிலிருந்தே கேட்டு, அவர் சொன்னபடியே எழுதி, சொல் இன்னாருடையது கை இன்னாருடையது என்று பிரித்துக் குறிப்பிட்ட அந்த ஏட்டை விட நேர்மையான வாய்மொழிப் பதிவு உலகில் எது? அதைச் செய்தவர் இறைவனே என்று சைவ உலகம் நம்புகிறது. எழுதுகிற காரியம் இறைவனுக்கே இழிவாகவில்லை. அவர் எடுத்துக்கொண்ட இடம் ஆசிரியனுடைய இடமன்று, எழுத்தாளனுடைய இடமும் அன்று, சொன்னதை எழுதுகிற கணக்கனுடைய இடம்.

அந்த மாணிக்கவாசகரே திருவண்ணாமலையில் கேட்டு எழுதியவர் என்று சொன்னாலும் தகும். திருவெம்பாவையும் திருவம்மானையும் இந்தத் தலத்தில் அருளிச்செய்யப்பட்டவை. மார்கழி விடியலில் ஒருவரையொருவர் துயிலெழுப்பி நீராடச் செல்லும் இவ்வூர்ப் பெண்களைக் கண்டே அவர் திருவெம்பாவையைப் பாடினார் என்பது மரபு. அம்மானை, ஊசல், சாழல், உந்தி, சுண்ணம் இடித்தல் எல்லாம் பெண்கள் ஆடியும் பாடியும் வந்த வாய்மொழி வடிவங்கள். திருவாசகம் அவற்றை எடுத்துக்கொண்டு உயிர்ப்பித்ததால் அந்த வடிவங்கள் இன்றும் நம்மிடம் இருக்கின்றன. அந்தப் பெண்களுள் ஒருத்தியின் பெயரேனும் நமக்குக் கிடைக்கவில்லை. கிரிவலப் பாதையில் அடியண்ணாமலையை ஒட்டியுள்ள மாணிக்கவாசகர் கோயிலைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு அவர்களுடைய நினைவே முன்னால் வருகிறது.

இந்த ஊருக்கும் வாய்மொழியை எழுதிக்கொள்ளும் தொழிலுக்கும் உள்ள உறவு அதோடு நிற்கவில்லை. அருணகிரிநாதர் பாடிய திருப்புகழ் பதினாறாயிரம் என்பது செவிவழிச் செய்தி. இன்று கிடைப்பன ஆயிரத்து முந்நூற்றுச் சொச்சம். அவையும் கிடைத்தது எப்படி? வடக்குப்பட்டு சுப்பிரமணிய பிள்ளை என்ற ஜில்லா முனிசீப், சிதம்பரம் தீட்சிதர்கள் தம் வழக்கொன்றில் சான்றாக எடுத்துக்காட்டிய ஒரு திருப்புகழைக் கேட்டு உள்ளம் உருகி, இத்தகைய பாடல்கள் சிதறிக் கிடப்பதா என்று சங்கல்பம் செய்துகொண்டு, உத்தியோக நிமித்தம் போன இடமெல்லாம் ஏடு வைத்திருந்தோரையும் மனப்பாடம் உள்ளோரையும் தேடித் தேடித் தொகுத்தார்; பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அச்சிட்டார்; அவர் புதல்வர் செங்கல்வராய பிள்ளை அதற்கு உரை கண்டார். பாட்டை அச்சில் ஏற்றியதால் திருப்புகழ் பாடுவது நின்றுவிடவில்லை. ஊர்தோறும் திருப்புகழ்ச் சபை தோன்றியது அதன் பிறகுதான். மார்கரெட் லெய்ட்லாவின் சாபம் எல்லா இடத்திலும் பலிப்பதில்லை.

இன்னும் அருகிலே வந்தால், இவ்வூரிலிருந்து உலகெங்கும் சென்ற சிறு நூலாகிய ‘நான் யார்?’ என்பதும் கேள்வியும் விடையுமாய்ப் பிறந்ததே. தென்னார்க்காடு ஜில்லா ரெவினியூ இலாகாவில் வேலை பார்த்த சிவப்பிரகாசம் பிள்ளை, 1902-ஆம் ஆண்டையொட்டி விருபாட்ச குகையில் பேசாதிருந்த இளம் ரமணரிடம் கேள்விகளைக் கேட்டார். விடைகள் எழுத்தாலும் குறிப்பாலும் வந்தன. 1923-இல் அது புத்தகமாயிற்று. அதே குகை வாசத்தின்போது, அடியார்கள் ஊருக்குள் பிச்சைக்குப் போகையில் பாடிச் செல்வதற்கென்று அட்சரமணமாலை எழுந்தது. ஞான நூலாக நாம் பீடத்தில் வைத்துப் பாராயணம் செய்வது, சோற்றுக்குத் திருவோடு ஏந்திய கைகளோடு தெருவில் பாடப்பட்ட பாட்டு என்பதை மறந்துவிடக் கூடாது.

எழுத்து மட்டும் போதும் என்று சொல்லும் அறிஞர்களுக்கோ விடை செங்கத்தில் கிடக்கிறது. செங்கம் வட்டாரமெங்கும் பல்லவர் காலத்து நடுகற்கள் நிற்கின்றன. தமிழ்நாடு அரசு தொல்பொருள் ஆய்வுத் துறை 1972-இல் இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு ‘செங்கம் நடுகற்கள்’ என்ற நூலை வெளியிட்டது. அவற்றுள் எடுத்தனூரில் உள்ள ஒரு கல் என் மனத்தை விட்டு அகலாதது. மகேந்திரவர்மனின் முப்பத்து நான்காம் ஆட்சியாண்டில், தன் எருமைகளைக் காக்கும் போரில் பட்ட கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு எடுத்த கல் அது. வீரனின் பக்கத்தில் ஒரு நாயும் நிற்கிறது. கோவிவன் என்னும் அந்த நாய் இரண்டு கள்வரைக் கடித்துக் காவலாய் நின்றது என்று கல் சொல்கிறது. ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் தலைவனின் உடலருகே நின்ற ஒரு நாயின் பெயர் நமக்குத் தெரியும்! ஆனால் அந்தக் கல்லை நட்ட அன்று பாடிய பாட்டு எங்கே? அவனுடைய மனைவி அழுத ஒப்பாரி எங்கே? அவன் பெயரைச் சொல்லி எத்தனை தலைமுறை உடுக்கை அடித்தது? ஒன்றும் இல்லை. அந்த வட்டாரத்து ஊர்மக்கள் இத்தகைய கற்களை வேடியப்பன் என்று பெயரிட்டுப் பொங்கல் வைத்து வணங்குகிறார்கள். எழுத்து பிழைத்திருக்கிறது, படிப்பார் இல்லை. வழிபாடு பிழைத்திருக்கிறது, கதை இல்லை. செங்கத்துக் கல்லில் எழுத்து நின்று பாட்டு போயிற்று. பம்பைக்காரர் திண்ணையில் பாட்டு நின்றது, எழுத்து இல்லை. இரண்டையும் ஒருங்கே பார்த்தவனுக்கு, ஒன்று மற்றொன்றின் வேலையைச் செய்யாது என்பது விளங்கும்.

இனி, எழுதும்போது எதை எழுதுவது என்ற இன்னொரு சிக்கல் உண்டு. வேதத்திற்கு எழுதாக் கிளவி என்று நம் முன்னோர் பெயரிட்டனர். அது எழுதப்படாமலே இருந்தும் ஓர் அட்சரமும் பிறழாதபடி பதம், கிரமம், ஜடை, கனம் என்று சொற்களை முன்னும் பின்னுமாய்ப் பின்னிக் காத்தார்கள். கதைப்பாடலும் எழுதாக் கிளவிதான். ஆனால் அது பிறழ்ந்து பிறழ்ந்தே பிழைத்து வந்தது. 1933 முதல் 1935 வரை யூகோஸ்லாவிய நாட்டில் மில்மன் பாரியும் அவர் மாணவர் ஆல்பர்ட் லார்டும் காவியப் பாடகர்களைத் தேடிப் பதிவு செய்தபோது, முன்பு பாடியதைச் சொல்லுக்குச் சொல் அப்படியே பாடினேன் என்று சாதித்த பாடகரின் இரண்டு பதிவுகளும் வெவ்வேறாய் இருக்கக் கண்டார்கள். அந்தப் பாடகர் பொய் சொன்னாரா? நம் வேதாந்திகள் இதற்கு விடை வைத்திருக்கிறார்கள். காசியில் இளமையில் கண்ட தேவதத்தனை முதுமையில் வேறோர் ஊரில் கண்டு, ‘அந்தத் தேவதத்தனே இவன்’ என்று ஒருவன் சொல்லும்போது, அந்த இடம், அந்தக் காலம், அந்த இளமை ஆகிய வேறுபாடுகளைத் தள்ளிவிட்டு எஞ்சிய ஒருவனையே ஒன்றாகக் காண்கிறான். ‘சோயம் தேவதத்த:’ என்ற அந்த உதாரணத்தைக் கொண்டே ஜீவ பிரம்ம ஐக்கியத்தை விளக்குகிறார்கள். பாடகர் ‘அதே பாட்டுதான்’ என்பதும் அந்த நியாயப்படியே மெய். எந்திரம் எண்ணுவது சொற்களை. அவர் எண்ணுவது வந்தவளை. நேற்று வந்தவளே இன்றும் வந்தாள் என்றால் பாட்டும் அதுவே.

இதைக் கொண்டு, பிரதிகளின் வேறுபாட்டைப் பற்றிக் கவலை வேண்டாம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. நா. வானமாமலை தொகுத்து 1970-களின் தொடக்கத்தில் மதுரைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட கதைப்பாடல்களுள் முத்துப்பட்டன் கதையும் ஒன்று. பிராமணனாய்ப் பிறந்த முத்துப்பட்டன் சக்கிலியப் பெண்களான பொம்மக்காவையும் திம்மக்காவையும் மணந்து, அவர்கள் குடும்பத்து மாட்டைக் காக்கப் போய் உயிர்விட்ட கதை அது. பாடி வந்தவர்களுள் சிலர், கேட்போரின் சாதிக் கூச்சத்திற்கு இடம் கொடுத்து, அந்தப் பெண்கள் பிறப்பால் பிராமணப் பெண்களே என்று ஒரு முன்கதையை நுழைத்துவிட்டார்கள். வானமாமலை அதை வெளிச்சத்திற்குக் கொண்டுவந்தார். பல பிரதிகளும், பாடினவர் யார், கேட்டவர் யார் என்ற குறிப்பும் இல்லாவிட்டால் அந்த ஒட்டு நமக்குத் தெரிந்திருக்குமா? எவர் பாடியது என்ற கேள்வியே எழாமல், அல்லியரசாணி மாலை முதலாக எத்தனையோ கதைப்பாடல்களைப் புகழேந்திப் புலவர் தலையில் கட்டி, பெரிய எழுத்துப் புத்தகங்களாக அச்சிட்டு நம் சந்தைகளில் விற்ற காலம் ஒன்று இருந்தது. அந்தப் புத்தகங்களுக்கு நான் நன்றியுள்ளவன். சிறு வயதில் திண்ணையில் எழுத்துக்கூட்டிப் படித்தவை அவை. ஆயினும் பாடின ஆயிரம் வாய்களின் பெயர் அங்கே அழிந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். தில்லையில் இறைவன் இட்ட கையொப்பத்தின் முறை அதுவன்று.

இந்தக் கதைகளில் அப்படி என்ன தத்துவம் இருக்கிறது, புராணங்கள் போதாவா என்று கேட்பவர் சிங்கவரத்திற்குப் போய் வரட்டும். செஞ்சிக்கு அருகே, பல்லவர் காலத்துக் குடைவரையில் அரங்கநாதர் பள்ளிகொண்டிருக்கிறார். 1714-இல் ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லா கானின் சேனையை எதிர்த்துப் போருக்குப் புறப்பட்ட தேசிங்குராஜன், இந்தச் சந்நிதியில் வந்து உத்தரவு கேட்டான் என்றும், பெருமாள் போக வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்றும், அவன் அதையும் மீறிப் போய் மாண்டான் என்றும் கதைப்பாடல் சொல்லும். மூலவரின் சாய்ந்த தலையைக் காட்டி இன்றும் அந்த ஊரில் இதைச் சொல்கிறார்கள். பழக்கமான புராணத்தில் தெய்வம் அடியவனைக் கடைசி நேரத்தில் வந்து காத்துவிடும். இங்கே தெய்வம் தடுக்கிறது, அடியவன் கேட்கவில்லை, தெய்வம் முகம் திருப்பிக்கொள்கிறது, திருப்பிய முகம் திரும்பவே இல்லை. மணக்கோலத்தைக் கலைத்துவிட்டு அவனோடு போருக்கு வந்து அவனோடு மடிந்தவன் முகம்மதிய நண்பன் மோவுத்துக்காரன். அருளுக்கும் மனித வீம்புக்கும் இடையில் உள்ள துயரத்தை இவ்வளவு பச்சையாகச் சொல்லும் சாஸ்திரம் எனக்குத் தெரிந்து வேறொன்றில்லை. நம் ஜனங்கள் சாவைப் பற்றியும், அநியாயமாய்ச் செத்தவனுக்கு உயிரோடிருப்பவர் பட்ட கடனைப் பற்றியும் நினைத்ததெல்லாம் இந்தப் பாடல்களில்தான் இருக்கிறது.

மறுபடியும் அந்தத் திண்ணைக்கு வருகிறேன். பாட மறுத்த பெரியவர், என்னை வெறுங்கையோடு அனுப்ப மனமில்லாமல், கதையை ராகமின்றி வசனமாகச் சொல்லத் தொடங்கினார். பிரமனின் கபாலம் ஈசன் கையில் ஒட்டிக்கொண்டதும், அவர் பித்தேறிச் சுடுகாடெல்லாம் திரிந்ததும், மலையனூரில் அவள் சோற்றைச் சூறையிட்டுக் கபாலத்தைக் கீழே இறங்கச் செய்ததும், மாசி அமாவாசையில் நடக்கிற மயானக் கொள்ளையின் காரணமும் ஒன்றன்பின் ஒன்றாய் வந்தன. அவள் பெயர் வரும் இடத்திலெல்லாம் விரலால் தரையைத் தொட்டுக்கொண்டார். ஓரிடத்தில் சட்டென்று நிறுத்தி, இது சாமி ஏறுற இடம், தாண்டிடறேன் என்று சொல்லி அந்தப் பகுதியை விட்டுவிட்டார். முடிந்ததும், அவர் விருப்பப்படியே பதிவை ஓட்டிக் காட்டினேன். தம் குரலைக் கேட்டு அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். கருவியிலிருந்து அவருடைய குரலே ‘அங்காளம்மா’ என்று சொன்ன அந்தக் கணத்தில், அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு எழுந்து நின்றார்.

பதிவு செய்தது வெறும் சவம் என்று அதுவரை உள்ளூர எண்ணி வருந்திய என் எண்ணம் அங்கே ஆட்டங்கண்டது. அழைப்பு அதில் இல்லை என்பதை நன்றாக அறிந்த அந்த மனிதர், பெயர் அதில் இருக்கிறது என்பதையும் அறிந்திருந்தார். பெயர் எந்த வாயிலிருந்து வந்தாலும் எழுந்து நிற்க வேண்டும் என்று அவர் உடல் கற்றிருந்தது. அவர் தாண்டிய அந்த இடத்தை நான் இன்னொருவரிடம் கேட்டு நிரப்பவில்லை. என் பிரதியில் அந்த இடம் வெறுமையாகவே இருக்கிறது. ‘இங்கே சாமி ஏறும், சொல்லவில்லை’ என்று மட்டும் எழுதியிருக்கிறேன். அந்த வெறுமையும் பாட்டின் ஒரு பகுதி என்றே நான் கருதுகிறேன். முழுமையான பிரதி வேண்டும் என்ற ஆசையால் அதை எப்படியேனும் பெற்றுவிடுகிறவர், கபாலத்தை வாங்கி வந்தவர் ஆவாரேயன்றிக் கதையை வாங்கியவர் ஆகார்.

விடை பெறும்போது, உங்களுக்குப் பிறகு பம்பையை யார் எடுப்பார் என்று கேட்டேன். மகன் பெங்களூரில் கட்டட வேலைக்குப் போய்விட்டான், பேரன் படிக்கிறான், நல்லாப் படிக்கிறான் என்று சொன்னார். அதில் குறையும் இல்லை, பெருமூச்சும் இல்லை. பேரன் படிக்க வேண்டியது நியாயம். பம்பையைப் பிடித்த கைக்கு நம் ஊர்கள் எத்தகைய மரியாதையைத் தந்தன என்பதை அறிந்தவர் எவரும், பரம்பரைத் தொழிலை விடாதே என்று அந்தப் பிள்ளைக்கு உபதேசம் செய்யத் துணியார். ஆனால் பிள்ளையில்லாத பாட்டுக்குக் கடன் கழிப்பவர் யார்? சேகரிக்கப் போகிறவன் புதையல் எடுப்பவனாகப் போகலாம், நீதிபதியாகப் போகலாம், மருத்துவனாகவும் போகலாம். அவன் போக வேண்டியது பிள்ளையாக. பிள்ளைக்குச் சொத்தும் உண்டு, கர்மமும் உண்டு. சொத்தை வாங்கிக்கொண்டு கர்மத்தை விடுகிறவனை ஊர் மதிப்பதில்லை.

இந்த எண்ணத்தை எனக்குத் தந்தது இவ்வூர்க் கதையேதான். ஹொய்சள வேந்தன் மூன்றாம் வீரவல்லாளன் தன் கடைசிக் காலத்தில் திருவண்ணாமலையைத் தலைநகராக்கிக்கொண்டு ஆண்டான். கோயிலில் வல்லாள கோபுரம் அவன் பெயரால் நிற்கிறது. 1342-இல் மதுரை சுல்தானோடு நடந்த போரில் பிடிபட்டுக் கொல்லப்பட்டான். வைக்கோல் திணித்த அவன் தோல் மதுரை மதிலில் தொங்கக் கண்டதை இபின் பதூதா எழுதி வைத்தார். அவனுக்கு மகன் இருந்தான் என்றும், அந்த மகன் நான்காம் வல்லாளனாய் முடி சூடினான் என்றும் சரித்திரம் கூறும். கதையோ வேறு சொல்லும். எல்லப்ப நாவலரின் அருணாசல புராணமும் வல்லாள மகாராஜன் கூத்தும் அந்தக் கதையையே சொல்லும். பிள்ளையில்லாத வல்லாளனிடம் சிவனடியார் கோலத்தில் ஈசன் வந்து, இன்றிரவு எனக்கு ஒரு பெண் துணை வேண்டும் என்று கேட்டார். ஊரில் ஒரு தாசியும் கிடைக்காமல் போகவே, கொடுத்த வாக்குத் தவறாதிருக்க இளைய ராணி சல்லமாதேவி தானே முன்வந்தாள். அவள் அவரைத் தீண்டியபோது அவர் பச்சைக் குழந்தையாய் அவள் கையில் கிடந்தார். நானே உனக்குப் பிள்ளை, உன் கர்மத்தை நானே செய்வேன் என்று அரசனுக்கு வாக்களித்து மறைந்தார். சரித்திரத்தில் மகனைப் பெற்ற அரசனுக்குக் கதை மகனைத் தரவில்லை. தெய்வத்தையே மகனாக்கித் தந்தது. இரண்டில் எது மெய் என்று கேட்டுத் தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. ஹொய்சள வமிசம் அந்த மகனோடு சில ஆண்டுகளில் முடிந்துபோயிற்று. வல்லாளனின் திதி மட்டும் முடியவில்லை.

தைப்பூசத்தன்று ஈசானியக் குளத்தில் தீர்த்தவாரி கண்டு திரும்பும் அண்ணாமலையாருக்கு, வல்லாளன் மாண்ட செய்தி வழியில் அறிவிக்கப்படுகிறது. மேளமும் தாளமும் அங்கேயே நின்றுவிடுகின்றன; சுவாமி வாத்திய ஒலியின்றிக் கோயிலுக்குத் திரும்புகிறார். அடுத்து வரும் மாசி மகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டில், கௌதம நதிக்கரையில், மகன் தகப்பனுக்குச் செய்ய வேண்டிய திதியை அவர் செய்கிறார். பார்க்க வந்த ஜனங்களும் அதே கரையில் உட்கார்ந்து, தத்தம் முன்னோருக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டு வீடு திரும்புகிறார்கள்.